அத்தியாயம் 7: கணினியிலிருந்து டிஜிட்டல் ஒலி – எந்த வழி, எந்த வயர்?

மதுரை–திருச்சி நான்குவழிச் சாலையில், மதுரை மாவட்டம் முடியப்போகிற இடத்தில் இருக்கிறது கொட்டாம்பட்டி. இங்கிருந்து கிழக்கே சிங்கம்புணரிக்கு ஒரு சாலை, மேற்கே நத்தத்துக்கு ஒரு சாலை. சுற்றுவட்டாரத்தில் மாசி தொடங்கினால் திருவிழா ஒன்றன்பின் ஒன்றாக வரும். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எல்லாம் வருடம் முழுக்க உண்டு. அத்தனைக்கும் ரேடியோ செட் வேண்டும். இசைத்தட்டு, கேசட், சிடி, பென் டிரைவ் என்று மாறி வந்த அந்தத் தொழில் இப்போது பெரும்பாலும் லேப்டாப்பில் வந்து நிற்கிறது. வீடுகளிலும் அப்படித்தான். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்துக்குப் பிறகு, முதல் கணினி வீட்டுக்குள் வந்த குடும்பங்கள் ஏராளம். பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போனபின், அந்த லேப்டாப் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறது.

ரேடியோ செட்காரரும் வீட்டில் ஹோம் தியேட்டர் வைத்திருப்பவரும் கடைக்குப் போய்க் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “கம்ப்யூட்டர்ல டிஜிட்டல் அவுட் எடுக்க என்ன வாங்கணும்?” எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. ஒருவருக்கு முந்நூறு ரூபாய் வயர் போதும். இன்னொருவருக்கு ஒரு கருவி வேண்டும். மூன்றாமவருக்கு எதுவுமே தேவையில்லை. யார் எந்த வகை என்பதைக் கண்டுபிடிக்க, கணினியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஆம்ப்ளிஃபையரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

1. ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம்

டார்ச் அடித்துப் பாருங்கள். நம் பக்கத்தில் புழங்கும் செட்டுகள் மூன்று வகைக்குள் அடங்கிவிடும்.

ரேடியோ செட் ஆம்ப்ளிஃபையர். அகுஜா போன்ற கம்பெனிகளின் பிஏ ஆம்ப். மைக் இன்புட்டுகள் நாலைந்து, ஆக்ஸ் இன்புட் ஒன்றிரண்டு, ஸ்பீக்கர் பக்கம் 4, 8, 16 ஓம் முனைகளோடு 70 வோல்ட், 100 வோல்ட் லைன் முனைகள் இருக்கும். டிஜிட்டல் ஒலியை வாங்கும் துளை இதில் இருக்காது. இப்போது வரும் பல மாடல்களில் பென் டிரைவ், புளூடூத் பிளேயர் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்த யுஎஸ்பி துளை பென் டிரைவுக்கு மட்டும்தான். அதில் லேப்டாப்பை வயர் போட்டு இணைத்தால் ஒன்றும் நடக்காது.

அசெம்பிள் செட். மதுரையிலோ திருச்சியிலோ, ஊரிலேயே ஒரு மெக்கானிக்கிடமோ செய்து வாங்கியது. 5200–1943 டிரான்சிஸ்டர் போர்டு, உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர், முன்பக்கம் நீல எல்இடி. இதில்தான் கவனம் வேண்டும். பெட்டியின் மேல் ‘5.1’ என்று எழுதியிருந்தாலும் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் டிகோடர் போர்டு இருக்கும். பின்பக்கம் ஆப்டிக்கல் என்று ஒரு சதுரத் துளை, கோஆக்சியல் என்று ஒற்றை ஆர்சிஏ துளை, சிலவற்றில் எச்டிஎம்ஐ ஏஆர்சி துளையும் இருக்கும். மற்றதில் இவை எதுவும் இருக்காது. ஆறு ஆர்சிஏ துளைகளும் ஒரு ஸ்டீரியோ இன்புட்டும் மட்டும் இருக்கும். ஸ்டீரியோ பாட்டையே பிரித்து ஐந்து ஸ்பீக்கருக்கும் ஊஃபருக்கும் அனுப்புகிற போர்டு அது. டிஜிட்டல் வயரை அது வாங்காது.

கம்பெனி செட். சவுண்ட்பார், ஹோம் தியேட்டர், ஏவி ரிசீவர். அநேகமாக எல்லாவற்றிலும் ஆப்டிக்கலும் எச்டிஎம்ஐயும் இருக்கும். எச்டிஎம்ஐ துளைமேல் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ‘டிவி ஏஆர்சி’ என்று மட்டும் இருந்தால் அது டிவியிலிருந்து ஒலியை வாங்கும் துளை. லேப்டாப்பின் எச்டிஎம்ஐ வயரை நேராக அதில் செருகினால் ஒலி வராது. ‘எச்டிஎம்ஐ இன்’ என்று தனியாக ஒன்று இருந்தால்தான் லேப்டாப்பை நேரடியாகப் போடலாம். ‘வயர் புதுசு, லேப்டாப் புதுசு, ஆனா சத்தம் வரல’ என்று வரும் புகார்களில் பல இந்த ஒரு துளையில்தான் முடியும்.

பார்த்ததை ஒரு தாளில் எழுதுங்கள், அல்லது செல்போனில் படம் பிடியுங்கள். கடைக்கு எடுத்துப்போக வேண்டியது அந்தப் படம்தான்.

2. டிஜிட்டல் வயரில் என்ன போகிறது

ஹெட்ஃபோன் துளையிலிருந்து வருவது மின் அலை. லேப்டாப்பே எண்களை அந்த அலையாக மாற்றி வெளியே அனுப்பிவிடுகிறது. டிஜிட்டல் அவுட்டில் எண்கள் எண்களாகவே வெளியே போகும். அவற்றை அலையாக்கும் வேலை மறுமுனையில் நடக்கும். அதனால் லேப்டாப்புக்குள் ஃபேன், சார்ஜர், டிஸ்க் எல்லாம் சேர்ந்து கிளப்பும் இரைச்சல் ஒலியோடு கலப்பதில்லை. ஒலியின் தரத்தை மறுமுனையில் இருக்கும் கன்வர்ட்டர் தீர்மானிக்கும். அது மட்டமாக இருந்தால் டிஜிட்டல் வயர் போட்டும் பிரயோசனம் இல்லை.

வயரில் இரண்டு விதமாக ஒலி போகும். முதலாவது பிசிஎம்: சிடியில் இருக்கும் அதே வடிவம். நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். கணக்குப் போட்டால் நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட். இரண்டாவது பிட்ஸ்ட்ரீம்: டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் போன்ற சுருக்கிய வடிவங்கள். ஆறு சேனலையும் மூட்டை கட்டி அனுப்புவது போல; மூட்டையை அவிழ்க்கத் தெரிந்த டிகோடர் மறுமுனையில் இருக்க வேண்டும்.

ஆப்டிக்கல், கோஆக்சியல் இரண்டிலும் போவது எஸ்பிடிஐஎஃப் என்ற ஒரே முறை. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்தது. இது ஸ்டீரியோ பிசிஎம்மைத் தாங்கும். சுருக்கிய டால்பி டிஜிட்டலையும் டிடிஎஸ்ஸையும் தாங்கும். ஆறு சேனல் பிசிஎம் இதில் போகாது. ஓடிடி தளங்கள் அதிகம் பயன்படுத்தும் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸும் போகாது. ப்ளூரே தரத்தின் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்–எச்டி மாஸ்டர் ஆடியோவும் போகாது. இவை வேண்டுமென்றால் எச்டிஎம்ஐதான் வழி. எச்டிஎம்ஐயில் எட்டு சேனல் பிசிஎம் வரை போகும்.

3. கணினியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது

காசு செலவழிக்கும் முன் கையில் இருப்பதைப் பாருங்கள்.

டெஸ்க்டாப் என்றால் பின்பக்கம் பச்சை, நீலம், இளஞ்சிவப்பு ஆடியோ துளைகளுக்குப் பக்கத்தில் சின்ன மூடிபோட்ட சதுரத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலை முடிந்தது. ஆப்டிக்கல் வயர் மட்டும் வாங்குங்கள். ஆரஞ்சு நிற ஆர்சிஏ துளை இருந்தால் அது கோஆக்சியல். ஆரஞ்சு நிற 3.5 மிமீ துளையை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பெரும்பாலும் சென்டர், ஊஃபருக்கான அனலாக் துளை.

லேப்டாப்பில் ஆப்டிக்கல் துளை அபூர்வம். 2016-க்கு முந்தைய மேக்புக் ப்ரோ மாடல்களில் ஹெட்ஃபோன் துளைக்குள்ளேயே ஆப்டிக்கல் அவுட் ஒளிந்திருக்கும். பாட்டு ஓடும்போது துளைக்குள் சிவப்பு வெளிச்சம் தெரியும். அதற்கு மினி டாஸ்லிங்க் முனை உள்ள வயர் வேண்டும். மற்ற லேப்டாப்களில் நமக்குக் கிடைப்பது எச்டிஎம்ஐயும் யுஎஸ்பியும்தான். பழைய டெஸ்க்டாப்பில் விஜிஏ மட்டும் இருந்தால், விஜிஏவில் ஒலி போகாது என்பதை நினைவில் வையுங்கள்.

4. நான்கு வழிகள்

வழி ஒன்று: எச்டிஎம்ஐ. வீட்டில் டிவி இருக்கிறது, லேப்டாப்பை அதில் போட்டுப் படம் பார்க்கிறீர்கள் என்றால் புதிதாக எதுவும் வேண்டாம். லேப்டாப்பிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ, டிவியின் ஆப்டிக்கல் அவுட்டிலிருந்தோ ஏஆர்சி துளையிலிருந்தோ ஆம்ப்ளிஃபையருக்கு இன்னொரு வயர். ஏஆர்சி வசதி 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4-இலிருந்து இருக்கிறது. ஒரு சிக்கல் உண்டு: எச்டிஎம்ஐ வழியாக வரும் 5.1 ஒலியை ஸ்டீரியோவாக்கித்தான் ஆப்டிக்கலில் விடும் டிவிகள் நிறைய. அப்படிப்பட்ட டிவியில் உங்கள் டிகோடர் போர்டின் ‘டால்பி’ விளக்கு எரியவே எரியாது.

அதற்கு மாற்று, எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் என்ற சின்னப் பெட்டி. லேப்டாப்புக்கும் டிவிக்கும் நடுவில் உட்கார்ந்து, படத்தை டிவிக்கு விட்டு ஒலியை ஆப்டிக்கலில் பிரித்துத் தரும். பெரும்பாலான பெட்டிகளின் பக்கவாட்டில் நகத்தால் நகர்த்தும் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும்: பாஸ், 2 சேனல், 5.1 சேனல். ‘பாஸ்’ நிலையில், டிவி என்ன வாங்கும் என்று சொல்கிறதோ அதைத்தான் லேப்டாப் அனுப்பும். ஸ்டீரியோ டிவி என்றால் ஸ்டீரியோதான் வரும். டிகோடர் செட் வைத்திருப்பவர்கள் அதை 5.1-க்குத் தள்ளிவிட்டு லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரீஸ்டார்ட் செய்யாததால்தான் பலருக்கு ‘இது வேலை செய்யவில்லை’ என்று தோன்றுகிறது.

வழி இரண்டு: மதர்போர்டு பின். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு மிகச் சிக்கனமான வழி. பின்பக்கம் துளை இல்லாவிட்டாலும், பல மதர்போர்டுகளில் உள்ளே ‘எஸ்பிடிஐஎஃப் அவுட்’ என்று எழுதிய மூன்று நான்கு பின்கள் இருக்கும். அதில் பொருத்தும் பிராக்கெட் ஒன்று தனியாகக் கிடைக்கும். ஆப்டிக்கலுக்கு 5 வோல்ட், சிக்னல், கிரவுண்ட் மூன்றும் வேண்டும். கோஆக்சியலுக்குச் சிக்னலும் கிரவுண்டும் போதும். பின்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, ஏன் மாடலுக்கு மாடலே மாறும். மதர்போர்டின் கையேட்டைப் பார்க்காமல் மாட்டினால் 5 வோல்ட் பின்னும் கிரவுண்டும் சேர்ந்து போர்டு போய்விடலாம். கையேடு தொலைந்திருந்தால் போர்டின் மாடல் எண்ணைக் கொண்டு கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். பின்னிலிருந்து நேராக ஆர்சிஏ வயரைப் பற்றவைக்கவும் வேண்டாம். கோஆக்சியலுக்கு வேண்டியது அரை வோல்ட் அளவு சிக்னல். பின்னில் வருவது அதைவிட அதிகம். அதைக் குறைக்கும் ரெசிஸ்டர்கள் பிராக்கெட்டிலேயே இருக்கும்.

வழி மூன்று: யுஎஸ்பி. லேப்டாப் வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு இதுதான் பொருந்தும். கணினியைத் திறக்க வேண்டாம், ஒரு லேப்டாப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். யுஎஸ்பி ஆடியோவுக்கு 1998 முதல் பொது விதிமுறை இருப்பதால் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் பெரும்பாலும் டிரைவர் கேட்காது. அதற்கடுத்த தலைமுறையான ஆடியோ கிளாஸ் 2 கருவிகளை விண்டோஸ் 10, 2017-இல் வந்த 1703 பதிப்பிலிருந்து தானாக ஏற்கிறது. அதற்கு முந்தைய விண்டோஸ் என்றால் கம்பெனி டிரைவர் வேண்டும்.

வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘7.1 சேனல்’ என்று எழுதி விரல் நீளத்தில் மலிவாகக் கிடைக்கும் யுஎஸ்பி ஸ்டிக்கில் இரண்டு 3.5 மிமீ துளை மட்டும்தான் இருக்கும். 7.1 என்பது ஹெட்ஃபோனில் அப்படித் தோன்றச் செய்யும் வேலை. டிஜிட்டல் அவுட் அதில் கிடையாது. நமக்கு வேண்டியது, பின்பக்கம் ஆப்டிக்கல் சதுரமோ கோஆக்சியல் துளையோ கண்ணால் பார்க்கத் தெரியும் யுஎஸ்பி பெட்டி. ஆப்டிக்கல் இருந்தாலும் ‘இன்’ ஆ ‘அவுட்’ ஆ என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

வழி நான்கு: சவுண்ட் கார்டு. டெஸ்க்டாப்புக்கு மட்டும். பழைய போர்டில் பிசிஐ துளையும், புதியதில் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையும் இருக்கும். இரண்டும் ஒன்றில் ஒன்று பொருந்தாது. சந்தையில் பழைய பிசிஐ கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வந்தால் மாட்ட இடம் இருக்காது, விண்டோஸ் 10-க்கு டிரைவரும் கிடைக்காமல் போகலாம். கேம் ஆடுகிறவர்களுக்கு ஒரு நன்மை உண்டு. டால்பி டிஜிட்டல் லைவ், டிடிஎஸ் கனெக்ட் வசதி உள்ள கார்டுகள், கேமின் 5.1 ஒலியை அப்போதைக்கப்போதே சுருக்கி ஆப்டிக்கலில் அனுப்பும். மற்றவர்களுக்கு இந்தச் செலவு வேண்டாம்.

புளூடூத்தும் டிஜிட்டல்தானே என்று கேட்கலாம். டிஜிட்டல்தான், ஆனால் பாட்டை மறுபடி சுருக்கி அனுப்புகிறது, ஒலியும் கண்ணுக்குத் தெரிகிற அளவு பிந்தி வரும். பாட்டுக்குப் பரவாயில்லை. படத்தில் வாயசைவுக்கும் வசனத்துக்கும் பொருந்தாமல் போகும்.

5. ஆப்டிக்கலா, கோஆக்சியலா?

இரண்டிலும் ஒரே எண்கள்தான் போகின்றன. ஒலியில் வித்தியாசம் தேட வேண்டாம். தூரத்தையும் கையாளும் வசதியையும் பார்த்து எடுங்கள்.

ஆப்டிக்கல் வயரை டோஷிபா 1983-இல் கொண்டுவந்தது. பிளாஸ்டிக் இழையில் சிவப்பு எல்இடி வெளிச்சம் போகும். மின்சாரத் தொடர்பே இல்லாததால் ‘ஊங்…’ என்ற ஹம் இதன் வழியாக வர முடியாது. 5 மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. மடக்கினால் இழை உள்ளுக்குள் விரிசல் விடும். முனையில் வரும் சின்னப் பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் செருக வேண்டும். தொப்பியோடு அழுத்தித் துளையை உடைத்தவர்களும் உண்டு. வயரைக் கழற்றி வைக்கும்போது தொப்பியை மறுபடி மாட்டுங்கள். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் ரோட்டோர வீடுகளில் ஒரு வாரத்தில் எவ்வளவு தூசி படியும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கோஆக்சியலுக்கு 75 ஓம் வயர் வேண்டும். இதற்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. பழைய டிவிடி பிளேயரோடு வந்த மூன்று வண்ண வயரில் மஞ்சள் நிற வீடியோ வயர் 75 ஓம்தான். தாராளமாகப் பயன்படுத்தலாம். சிவப்பு, வெள்ளையும் குறைந்த தூரத்துக்கு வேலை செய்துவிடும். ஆனால் மஞ்சள் இருக்கும்போது அதை எடுங்கள். தூரம் கூடுதலாக வேண்டுமென்றால் கேபிள் டிவிக்காரர் வீடு வீடாக இழுக்கும் ஆர்ஜி–6 வயரும் 75 ஓம்தான். இரண்டு பக்கமும் நல்ல ஆர்சிஏ பின் போட்டால் 10 மீட்டர் வரை கவலையில்லை.

6. ரேடியோ செட்காரருக்கு

உங்கள் ஆம்ப்ளிஃபையரில் டிஜிட்டல் துளை இல்லை என்று பார்த்தோம். அப்படியானால் லேப்டாப்பில் டிஜிட்டல் அவுட் எடுத்து, அதைக் கன்வர்ட்டரில் மறுபடி அனலாக் ஆக்கி, ஆக்ஸில் கொடுக்க வேண்டும். ஒலித்தரத்துக்காக என்றால் இது வீண் செலவு. பாட்டு போடும் புனல் குழாயின் ஒலி எல்லை மிகக் குறுகியது. கன்வர்ட்டர் தரும் நுணுக்கம் குழாயைத் தாண்டி வராது. அந்தக் காசை நல்ல ஹெட்ஃபோன்–ஆக்ஸ் வயருக்குப் போடுங்கள்.

இரண்டு காரியம் கவனித்தால் போதும். லேப்டாப் வயரை மைக் இன்புட்டில் செருகாதீர்கள். ஒலி உடைந்து கரகரக்கும். ஆக்ஸில்தான் கொடுக்க வேண்டும். அடுத்தது, ஆம்ப் மோனோ, லேப்டாப் ஸ்டீரியோ. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் மற்றப் பக்கத்தில் பதிவான வாத்தியங்கள் காணாமல் போகும். ஸ்டீரியோவில் பதிவான பழைய சினிமாப் பாடல்களில் இது பளிச்சென்று தெரியும். வயலின் ஒரு பக்கம், கிட்டார் மறுபக்கம் என்று பிரித்திருப்பார்கள். விண்டோஸின் சவுண்ட் அமைப்பில் ‘மோனோ ஆடியோ’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்து வரும்.

டிஜிட்டல் வழி ரேடியோ செட்டுக்கு உண்மையில் உதவும் ஒரே இடம், ஹம். சீரியல் லைட்டும் ஜெனரேட்டரும் ஆம்ப்ளிஃபையரும் லேப்டாப் சார்ஜரும் வெவ்வேறு இடத்தில் லைன் எடுத்தால் கிரவுண்ட் வளையம் உண்டாகி ‘ஊங்’ என்று இரையும். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது இரைச்சல் நின்றுவிட்டால் காரணம் அதுதான். அப்போது யுஎஸ்பி–ஆப்டிக்கல் பெட்டி ஒன்றும், ஆப்டிக்கலை அனலாக் ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்றும் போட்டு நடுவில் ஆப்டிக்கல் வயரை விட்டால் மின்தொடர்பு அறுந்துவிடும். இதில் ஒரு சூட்சுமம்: கன்வர்ட்டருக்கு லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்தே 5 வோல்ட் எடுத்தால் கிரவுண்ட் அந்த வயர் வழியாகத் திரும்பி வந்துவிடும், இரைச்சலும் திரும்பிவிடும். ஆம்ப் பக்கத்து பிளக்கிலிருந்து தனி செல்போன் சார்ஜர் போட்டு அதில் கொடுங்கள். இதைவிடச் சிக்கனமாக, ஆக்ஸ் வயரின் நடுவில் போடும் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் கிடைக்கிறது. பாதிப் பேருக்கு அதுவே போதும்.

இரைச்சல் போகும் என்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள். ஈரத் தரையில், மைக் பிடித்து நிற்கிற ஆளின் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது.

7. கடையில் என்ன கேட்க வேண்டும்

கொட்டாம்பட்டியில் செல்போன் கடைகளில் எச்டிஎம்ஐ வயரும் ஆக்ஸ் வயரும் கிடைத்துவிடும். யுஎஸ்பி பெட்டி, எக்ஸ்ட்ராக்டர் போன்றவற்றை மேலூரில் கேட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் மாட்டுத்தாவணியில் இறங்கி, டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போக வேண்டும், அல்லது ஆன்லைன். சென்னை போகிறவர்கள் யாராவது இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லா ரகமும் கிடைக்கும்.

“அண்ணே, ஆப்டிக்கல் கன்வர்ட்டர் இருக்கா?”

“எதுல இருந்து எதுக்குண்ணே?”

கடைக்காரர் கேட்கும் இந்த ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் போதும். கன்வர்ட்டர்கள் ஒருவழிப் பாதை. டிஜிட்டலை அனலாக் ஆக்குவது ஒன்று, அனலாக்கை டிஜிட்டல் ஆக்குவது இன்னொன்று, ஆப்டிக்கலைக் கோஆக்சியல் ஆக்குவது வேறொன்று. பெட்டிகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். “கம்ப்யூட்டர்ல யுஎஸ்பி, அங்க டிகோடர் போர்டுல ஆப்டிக்கல் இன்” என்று இரண்டு முனையையும் சொல்லுங்கள். செல்போனில் எடுத்த படத்தைக் காட்டுங்கள். முடிந்தால் கடையிலேயே மாட்டி, வயரின் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். உள்ளங்கையை எதிரே வைத்து அதில் வெளிச்சம் விழ வைத்தாலே தெரியும். துளைக்குள் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டாம்.

தங்க முலாம், ஆக்சிஜன் இல்லாத தாமிரம் என்று எழுதி விலை கூட்டியிருக்கும் வயர்களை வாங்காதீர்கள். டிஜிட்டல் வயரில் எண்கள் வந்து சேர்ந்தால் சேர்ந்ததுதான். அதற்கு மேல் தங்கம் செய்வதற்கு ஒன்றுமில்லை.

8. மாட்டிய பிறகு

1. விண்டோஸில் வலது கீழ் மூலை ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, வெளியீட்டுக் கருவியாகப் புதிய டிஜிட்டல் அவுட்டைத் தேர்ந்தெடுங்கள். பலருக்கு ஒலி வராததற்குக் காரணம், கணினி இன்னும் பழைய ஸ்பீக்கரையே பிடித்துக்கொண்டிருப்பது.

2. அதன் பண்புகளில் 16 பிட், 48,000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். அசெம்பிள் டிகோடர் போர்டுகளும் மலிவுக் கன்வர்ட்டர்களும் இதில் தடுமாறுவதில்லை. 192,000 என்று வைத்தால் சிலவற்றில் ஒலி விட்டு விட்டு வரும், அல்லது அடியோடு நிற்கும்.

3. ஸ்டீரியோ கன்வர்ட்டர் போட்டிருந்தால் எல்லாவற்றையும் பிசிஎம்மில் வையுங்கள், டிவியின் ஆடியோ அமைப்பு உட்பட. கன்வர்ட்டருக்கு பிட்ஸ்ட்ரீம் போனால் ‘கொர்ர்’ என்று இரையும், அல்லது மௌனமாகிவிடும்.

4. டிகோடர் போர்டு இருந்தால் விஎல்சி பிளேயரின் ஆடியோ அமைப்பில் எஸ்பிடிஐஎஃப் பாஸ்த்ரூவை இயக்குங்கள். 5.1 படம் ஓடும்போது போர்டின் டால்பி அல்லது டிடிஎஸ் விளக்கு எரிய வேண்டும். யூடியூப் பாட்டுக்கு எரியாது. அது பெரும்பாலும் ஸ்டீரியோதான்.

5. டால்பி டிஜிட்டல் பிளஸ் உள்ள படக்கோப்பு ஆப்டிக்கலில் ஒலிக்கவில்லை என்றால், கோடி (Kodi) பிளேயரில் டால்பி டிஜிட்டலுக்கு மாற்றியனுப்பும் அமைப்பு இருக்கிறது. அதைப் போடுங்கள்.

6. லினக்ஸில் ஒலி அமைப்பின் பட்டியலில் ‘டிஜிட்டல் ஸ்டீரியோ’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் வராவிட்டால் ஆல்சாமிக்ஸரில் ஐஇசி958 என்ற வரி மியூட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

7. டிஜிட்டல் அவுட்டில் ஒலியளவைக் கணினியில் முழுதாக வைத்துவிட்டு, கூட்டுவதும் குறைப்பதும் ஆம்ப்ளிஃபையரில் செய்யுங்கள். முதல் முறை ஓட விடும்போது மட்டும் ஆம்ப்பின் ஒலியை அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

9. சுருக்கமாக

- ரேடியோ செட் ஆம்ப், ஹம் இல்லை: டிஜிட்டல் வேண்டாம். ஹெட்ஃபோன்–ஆக்ஸ் வயர், மோனோ ஆடியோ.
- ரேடியோ செட் ஆம்ப், ஹம் இருக்கிறது: முதலில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். தீரவில்லை என்றால் யுஎஸ்பி–ஆப்டிக்கல் பெட்டி, கன்வர்ட்டர், தனி சார்ஜர்.
- டிகோடர் இல்லாத அசெம்பிள் செட்: ஸ்டீரியோ அனலாக் வயர் போதும். 5.1 வேண்டுமென்றால் கணினிக்குச் செலவழிக்காமல் செட்டில் டிகோடர் போர்டு போடச் சொல்லுங்கள்.
- டிகோடர் உள்ள அசெம்பிள் செட், லேப்டாப், டிவியும் உண்டு: எச்டிஎம்ஐ எக்ஸ்ட்ராக்டர், 5.1 சேனல் நிலையில்.
- அதே செட், டிவி இல்லை: ஆப்டிக்கல் அவுட் உள்ள யுஎஸ்பி பெட்டி.
- அதே செட், டெஸ்க்டாப்: பின்பக்கச் சதுரத் துளை; இல்லாவிட்டால் மதர்போர்டு பிராக்கெட், மஞ்சள் வயர்.
- சவுண்ட்பார், ரிசீவர்: ‘எச்டிஎம்ஐ இன்’ இருந்தால் நேரடி எச்டிஎம்ஐ, ஏஆர்சி மட்டும் இருந்தால் டிவி வழியாக.

இந்தப் பட்டியலில் உங்கள் செட் எந்த வரியில் வருகிறது என்று தெரியாவிட்டால் இன்னும் எதுவும் வாங்காதீர்கள். ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கப் படத்தை செட் செய்துகொடுத்த மெக்கானிக்கிடம் காட்டி, உள்ளே டிகோடர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேளுங்கள். அது தெரிந்துவிட்டால் மேலே உள்ள ஏழில் உங்களுக்குரியது எது என்பது தானே விளங்கிவிடும்.